நாலடிப் பலகையில் நம்ம ஊர்க் கண்மாய்

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்று பிள்ளை வந்து சொன்னாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கண்காட்சி பிள்ளைக்கு, தண்டனை அம்மாவுக்கு என்றுதான் நினைத்துக்கொள்வேன். சகோதரிகளில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஆனால் 2022-ஆம் வருஷம் ஆடி மாசம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கண்காட்சி வேலை என் எண்ணத்தை மாற்றிவிட்டது. அதில் கற்றுக்கொண்ட கைவேலைக் குறிப்புகளையும், கூடவே இன்னொரு முக்கியமான விஷயத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகன் ஒரு சாயங்காலம் தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், "அம்மா, நீர் மேலாண்மைன்னு தலைப்பு. மாடல் செய்யணும். பதினஞ்சு நாள்தான் இருக்கு" என்று நின்றான். அவன் சிநேகிதனுக்கு மதுரையிலிருந்து ரெடிமேட் சாமான் வாங்கி வந்துவிட்டார்களாம். 600 ரூபாயாம். எங்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. என் வீட்டுக்காரருக்கு அருப்புக்கோட்டையில் விசைத்தறி வேலை. நான் வீட்டில் மிஷின் வைத்து ரவிக்கை தைக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குத் திருச்சுழி பக்கம் ஒரு கிராமம். இளவயதிலிருந்து அந்த ஊர்க் கண்மாயில் நீர்ப்பாய்ச்சி வேலை பார்த்தவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. மாமியார் போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். வந்த இரண்டாம் வருஷம் அவருக்குப் பார்வை போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. ஓரத்தில் இருப்பது தெரியாமல் நிலைப்படியில் இடித்துக்கொள்வார், தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். வயசாயிற்று, அதுதான் தடுமாற்றம் என்று நாங்கள் எண்ணிவிட்டோம். புரைதான் விழுந்திருக்கும், ஆப்பரேஷன் செய்தால் தெளிந்துவிடும் என்று அவரும் தள்ளிப்போட்டார். கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது, இது புரை அல்ல, கண்ணில் நீர் அழுத்தம், போன பார்வை போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் திண்ணையை விட்டு இறங்கவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. "சாப்பிடுறீங்களா மாமா?" என்றால் "உம்", "காப்பி வேணுமா?" என்றால் "உம்". ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே கழிந்தது. சாப்பாடும் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க மனசு பிசையும். என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

மகன் மாடலுக்கு என்ன செய்யலாம் என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோது, நான் யோசிக்காமல், "நம்ம பக்கத்து நீர் மேலாண்மைன்னா கண்மாய்தான்டா. அதைச் செய்யலாம்" என்றேன். "கலுங்குன்னு புத்தகத்துல போட்டிருக்கு. அப்படின்னா என்னம்மா?" என்றான். நான் அருப்புக்கோட்டை டவுனில் பிறந்தவள். தறிச் சத்தம் தெரியும், கலுங்கு தெரியாது. விழித்தேன். அவனும் அந்த ஊர்க் கண்மாயைப் பார்த்திருக்கிறானே தவிர, அவன் பார்த்ததெல்லாம் சீமைக் கருவேல மரக் காடுதான். கரை எது, உள்வாய் எது என்று தெரியாதபடி அடைத்துக் கிடக்கும்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல். "கண்மாய்க் கரை எத்தனை எட்டுன்னு தெரியுமா அப்பு? 800 எட்டு. கலுங்குல இருந்து வடகோடி வரைக்கும். தினம் காலையில எண்ணிக்கிட்டே நடப்பேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. நானும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எட்டு என்றால் எத்தனை அடி என்று தெரிந்தால்தானே அளவு போட முடியும்? இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் நடந்து காட்டுங்க தாத்தா" என்றான் மகன். நான் பயந்தேன். அவரோ கையை ஊன்றி எழுந்து, பேரன் தோளைப் பிடித்துத் தெருவில் இறங்கிப் பத்து எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டார். "இது கிழட்டு எட்டு. இதை அளக்காதே. உங்கப்பன் எட்டை அள. அவன் என் உயரம்தான்" என்றார். என் வீட்டுக்காரர் தறியிலிருந்து வந்ததும் அவரை நடக்கவிட்டு அளந்தோம். ஒரு எட்டு இரண்டரை அடி, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர். 800 எட்டுக்கு 600 மீட்டர். கரையின் உயரம் "ரெண்டரை ஆள்" என்றார். 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம்.

இனி கணக்கு. தையல் கற்றுக்கொண்ட சகோதரிகளுக்கு இது சுலபமாகப் புரியும். தையல் கிளாஸில் ரவிக்கையை முழு அளவில் வரையாமல், நோட்டில் கால் பங்கு அளவில் வரைந்து பழகுவோம் அல்லவா? நிஜத்தில் 16 அங்குலம் என்றால் நோட்டில் 4 அங்குலம். மாடல் வேலையும் அதேதான். எல்லா அளவையும் ஒரே எண்ணால் வகுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கணக்கு, மரத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்தால் மாடு கோபுரத்தைவிடப் பெரிதாகிவிடும். கொலுவில் பார்க் கட்டும்போது நாம் செய்யும் தப்பு இதுதான்!

எங்களிடம் இருந்தது பழைய கட்டிலின் பலகை. 4 அடி நீளம், 3 அடி அகலம். 600 மீட்டர் கரையை 500-ல் ஒரு பங்காகக் குறைத்தால் 120 சென்டிமீட்டர். சற்றே வில்லாக வளைத்தால் 4 அடிக்குள் சரியாக அடங்கும். ஆனால் 4 மீட்டர் உயரத்தையும் 500-ஆல் வகுத்தால் 8 மில்லிமீட்டர்தான் வருகிறது! ஒரு தோசைக்கரண்டிப் பிடியின் கனம்கூட இல்லை. அதில் எங்கே மடை வைப்பது, எங்கே தண்ணீர் நிறுத்துவது?

என் தம்பி மகள் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "அத்தை, பெரிய இடத்திலேயே அப்படிச் செய்றது உண்டு. பூண்டியிலும், புனே பக்கம் கடக்வாஸ்லாவிலும் அணை, ஆறு எல்லாத்தையும் சின்னதாக் கட்டித் தண்ணி விட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கு. கடக்வாஸ்லா நிலையம் 1916-லயே ஆரம்பிச்சது. நீளமான ஆத்துக்கு மாடல் செய்யும்போது நீள அகலத்துக்கு ஒரு கணக்கும் உயரத்துக்கு ஒரு கணக்கும் வச்சுக்குவாங்க. அதை வெளிப்படையா எழுதி வைக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அந்தப்படி கரையின் நீளத்தை மட்டும் 500-ல் ஒன்றாகவும், கரையின் உயரம், அகலம், மடை, ஆள், மரம் எல்லாவற்றையும் 50-ல் ஒன்றாகவும் வைத்தோம். 4 மீட்டர் உயரம் 8 சென்டிமீட்டர் ஆயிற்று. கரையின் தலை அகலம் 4 சென்டிமீட்டர், அடி அகலம் 28 சென்டிமீட்டர். ஐந்தரை அடி மனுஷன் 3 சென்டிமீட்டரும் கொஞ்சமும். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி முன்னால் ஒட்டிவிட்டோம்.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். கடையில் ஒன்றும் வாங்கவில்லை என்றே சொல்லலாம்.

பலகை ஈரத்தில் வளையாமல் இருக்க அடியில் குறுக்காக இரண்டு ரீப்பர் சட்டம் அடித்தோம். மேலே பழைய பிளக்ஸ் பேனரை வெள்ளைப் பக்கம் தெரியும்படி விரித்து, நாலு பக்கமும் சட்டத்தின் மேல் மடித்துத் தூக்கி ஆணி அடித்தோம். தண்ணீர் ஒரு சொட்டு கீழே இறங்காது. எந்த விசேஷம் முடிந்தாலும் பிளக்ஸ் சும்மா கிடைக்கும் காலம் இது.

பிளேடை வெறுங்கையில் பிடிக்கவே கூடாது. பாதியாக உடைத்த பிளேடைப் பிளந்த மூங்கில் குச்சியில் செருகி, நூலால் இறுகச் சுற்றினால் நல்ல கத்தி. முதல் நாளே நான் கட்டை விரலை வெட்டிக்கொண்ட பிறகு வந்த ஞானம் இது!

தீப்பெட்டியின் மேல் உப்புத்தாளைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் மூலை முடுக்கெல்லாம் சமமாகத் தேய்க்கலாம். நகம் தேய்க்கும் அரம் சின்ன வேலைக்கு உதவும்.

ஒட்டின இடம் காயும் வரை பிடித்துக்கொள்ளத் துணிக்கொடியில் மாட்டும் கிளிப் போதும். பெரிய சாமானைப் பிடிக்கப் பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடை ரப்பர் பேண்டைவிட உழைக்கும்.

வட்டம் போடக் காம்பஸ் தேடாதீர்கள். குழந்தை வளையலிலிருந்து நம் வளையல் வரை எத்தனை அளவு இருக்கிறது!

பொடிச் சாமானைப் பிடித்து வைக்க முள்வாங்கி. கருவேல முள் ஏறாத கால் எங்கள் பக்கத்தில் கிடையாது என்பதால் முள்வாங்கி இல்லாத வீடும் கிடையாது. ஊசி கழற்றிய புது சிரிஞ்சில் பசையை ஏற்றிக்கொண்டால் வழியாமல் பொட்டுப் பொட்டாக வைக்கலாம்.

தையல் பெட்டியில் இருக்கும் டிரேசிங் வீலை ஈரக் களிமண்ணில் உருட்டினால் செங்கல் வரிசை மாதிரி கோடு விழும். பல் அகன்ற பழைய சீப்பை இழுத்தால் அச்சு அசல் உழவுச் சால்!

தெர்மாகோலில் வீடு செய்பவர்கள் ஒன்று கவனியுங்கள். செருப்பு ஒட்டும் பசையும், பீய்ச்சும் பெயிண்டும் தெர்மாகோலைத் தின்றுவிடும். வெள்ளைப் பசையோ மைதாப் பசையோதான் அதற்குச் சரி. சூடு கம்பியால் அறுப்பதானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. பழைய நாளில் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில் துத்தம் கலப்பார்கள். அது விஷம். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

குச்சியால் கொட்டகை, பரண் கட்டுவதற்குத் தம்பி மகள் ஒரு நல்ல வழி சொன்னாள். அரவிந்த் குப்தா என்று ஒருவர். ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1978-இல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளோடு வேலை செய்யப் போனவர். தீக்குச்சிகளின் முனையைச் சைக்கிள் வால்வ் டியூபுத் துண்டில் செருகி முக்கோணம், சதுரம், வீடு எல்லாம் கட்டலாம் என்று செய்து காட்டியவர். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குப்பையிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்தே விருது வாங்கலாம் என்று கேட்டதும் என் மகனுக்கு 600 ரூபாய் சாமான் மேல் இருந்த ஏக்கம் பாதி போய்விட்டது.

பனைமரத்துக்குத் தென்னை ஈர்க்கைச் சேர்த்துக் கட்டிக் கறுப்புத் துணி சுற்றினோம், பச்சைக் காகிதத்தை விசிறியாக நறுக்கித் தலையில் வைத்தோம். வயலுக்குப் பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள். காய்ந்த டீத்தூள் பாதை. புதருக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து வைத்தோம். மடையின் கல்தூணுக்குச் சாக்பீஸைச் செதுக்கினோம். தண்ணீரில் கரைந்துவிடாதா என்பீர்கள். உருகிய மெழுகில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் கரையாது.

கருவியெல்லாம் சுலபம். கரைதான் எங்களைச் சோதித்துவிட்டது.

முதலில் வீட்டுப் பின்னால் இருந்த கரிசல் மண்ணைக் குழைத்து ஒரே மூச்சில் கரையாகக் குமித்துவைத்தோம். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாள் விரல் போகும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. மாமாவைக் கூட்டி வந்து உட்காரவைத்து அவர் கையைக் கரை மேல் வைத்தேன். விரலை வெடிப்பில் விட்டுப் பார்த்தவர், "என்ன தாயி, தனிக் கரிசலை வச்சா கட்டுனே? கரிசலு தண்ணி பட்டா ஊதும், வெயில் பட்டா வாயைப் பிளக்கும். ரெண்டு பங்கு செவலும் ஒரு பங்கு கரிசலும் சேரு. வைக்கோலை நறுக்கிப் போடு. மொத்தமாக் குமிக்காதே. விரக்கடை விரக்கடையாப் போட்டு இடி" என்றார்.

செவல் மண் கொண்டுவந்து சலித்தோம். விரல் கனத்துக்கு ஒரு வரி போடுவது, பழைய மத்தால் இடிப்பது, தண்ணீர் தெளிப்பது, அடுத்த வரி. இடிக்கும் வேலையை மாமாவே எடுத்துக்கொண்டார். சத்தத்தைக் கேட்டே, "இங்க இன்னும் பொதபொதன்னு இருக்கு" என்பார். கண் தெரிந்த எங்களுக்கு அது தெரியவில்லை. பேரனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். கலுங்கு கரையைவிடத் தாழ்வாக இருந்தால்தான் கரை பிழைக்கும். மடையைத் திறக்க மூச்சை அடக்கி முங்க வேண்டும். சில பழைய கண்மாய்களில் குமிழி மடை உண்டு. அதில் மேல் துளை வழியாகத் தெளிந்த நீரும், அடித்துளை வழியாகச் சேறும் போகும். அதனால் வண்டல் முழுக்க உள்ளேயே தங்கிவிடாது. இதையெல்லாம் நான் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவரிடம் கேட்டதே இல்லை.

கலுங்கைக் கரைத்தலையைவிட 2 சென்டிமீட்டர் தாழ்த்தி வைக்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தையே சின்னதாகச் செய்தோம். மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி டியூப் ஒரு மீட்டர் வாங்கி, மஞ்சள் கரைத்த தண்ணீர் ஊற்றினோம். இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் நீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். நாங்கள் காசு கொடுத்து வாங்கியது அந்த டியூப் ஒன்றைத்தான். வேலை முடிந்ததும் அதையே கரைக்கு அடியில் மடைக் குழாயாகப் பதித்தோம். உள்வாய்ப் பக்கத்து முனையை மேல் நோக்கி வளைத்துவைத்து, பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய குமிழை அடைப்பாக வைத்தோம். அதில் குத்திய கொண்டை ஊசிதான் மடைக்கம்பி. தூக்கினால் தண்ணீர் பாயும், இறக்கினால் நிற்கும்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது ராத்திரி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கண்மாய் நிறைந்ததும் பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பத்து நிமிஷத்தில் வெளிப்பக்கம் குழாயைச் சுற்றி ஈரம் தெரிந்தது. பிறகு கலங்கலாக நூல்போல் கசிந்தது. அரை மணி நேரத்தில் அந்த இடமே பொதுக்கென்று உள்வாங்கிக் கரை உடைந்துவிட்டது. தண்ணீர் அடுப்படி வரை ஓடியது. மகன் தேம்பித் தேம்பி அழுதான். "600 ரூபா குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கேட்டுவிட்டான். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார். எனக்குத் தொண்டையை அடைத்தது.

மாமாதான் முதலில் பேசினார். "அழுவாதே அப்பு. நிசக் கண்மாயே உடைஞ்சிருக்கு. அந்த வருஷம் ஊரே ராத்திரியோட ராத்திரியா மண்ணுமூட்டை சுமந்துச்சு. கசிவு எங்க ஆரம்பிச்சுது? குழாயை ஒட்டித்தானே? வழவழன்னு இருக்கிற சாமானை மண்ணு பிடிக்காது. தண்ணி அதை ஒட்டியே வழி தேடிக்கிடும். குழாயைச் சொரசொரப்பாக்கு. போற வழியில தடுப்பு வை. தண்ணி சுத்திச் சுத்திப் போயி அலுத்துப்போகணும்."

மறுநாள் குழாய் மேல் வேலம்பிசின் தடவிச் சணலைச் சுற்றி, அதன் மேல் ஆற்றுமணலைத் தூவிக் காயவைத்தோம். சைக்கிள் டியூபில் ரூபாய் வட்டத்தைவிடப் பெரிதாக மூன்று வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, குழாயில் இடைவெளி விட்டு மாட்டினோம். சுற்றிலும் ஈரக் களிமண்ணை அமுக்கி மறுபடி வரிவரியாக இடித்தோம். இந்த முறை தண்ணீர் ராத்திரி முழுக்க நின்றது. நான் இரண்டு தரம் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மாமாவும் தூங்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே, "நிக்குதா தாயி?" என்றார். "நிக்குது மாமா" என்றேன். தம்பி மகளிடம் இதைச் சொன்னபோது, இன்ஜினியர்களும் அணைக்கரைக்குள் குழாய் வைக்கும்போது இப்படி வளையம் வைப்பதுண்டு, நீர் கசியும் வழியை நீளமாக்கத்தான் அது என்றாள். மாமா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புத் தாண்டாதவர்.

கண்காட்சி அன்றைக்கு லோடு ஆட்டோவில் ஏற்றினோம். மண்ணும் பலகையுமாக 30 கிலோவுக்குக் குறையாது. தண்ணீரை அங்கே போய்த்தான் ஊற்ற வேண்டும், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பரிசு பளபளவென்று இருந்த ராக்கெட்டுக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். ஆனால் கூட்டம் எங்கள் மேஜையில்தான். திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகள், "எங்க ஊர்லயும் இது இருக்கு, ஆனா மடை எங்கன்னு தெரியாது" என்றார்கள். மத்தியானம் என் வீட்டுக்காரர் மாமாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். பேரன் அவர் விரலைப் பிடித்துக் கொண்டை ஊசியின் மேல் வைத்தான். மாமா மெல்லத் தூக்கினார். தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் கேட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "சரியா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த மாடல் இப்போது இல்லை. அடுத்த கோடையில் மொட்டை மாடியில் வெடித்துப் பொடியாகிவிட்டது. மாமா மட்டும் அதற்குப் பிறகு திண்ணையிலேயே கிடக்கவில்லை. ஒரு கோலை ஊன்றிக்கொண்டு சாயங்காலம் பேரனோடு தெருமுனை வரை போய் வருகிறார். எட்டை எண்ணிக்கொண்டுதான்.

முக்கியமான விஷயம் ஒன்று சொல்வதாகச் சொன்னேன். மாமாவைக் கைப்பிடித்து நடத்தி வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாசற்படியின் ஓரத்தில் இடித்துக்கொண்டார். எனக்குச் சுரீரென்றது. மறுவாரமே மதுரைக்குக் கூட்டிப்போனேன். அவருக்கும் கண்ணில் அழுத்தம் கூடுதல் என்று சொன்னார்கள். நல்லவேளையாக ஆரம்பம்தான். தினம் சொட்டு மருந்து விடுகிறார். சொன்ன தேதியில் போய்க் காட்டி வருகிறோம். பார்வை அப்படியே இருக்கிறது.

சகோதரிகளே, இந்த நோயில் பெரும்பாலோருக்கு வலி இராது, கண் சிவக்காது. பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். நாற்பது வயது தாண்டிவிட்டால் கண்ணாடி நம்பர் பார்ப்பதோடு நிறுத்தாமல், கண்ணின் அழுத்தத்தையும் உள் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஓரத்தில் இடித்துக்கொண்டால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். கசிவு நூல்போல் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று மாமா சொல்வார். அவர் கரையைத்தான் சொன்னார்.

அடுத்த முறை பிள்ளை வந்து கண்காட்சி என்றால் கடைக்கு ஓடாதீர்கள். தையல் பெட்டியையும் முள்வாங்கியையும் எடுத்து வையுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால், அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு அதையே மாடலாகச் செய்யுங்கள்.